ஸ்டெடி அண்ணனின் இடது பக்கம்

சான்றிதழ்களை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு அந்தச் சுற்றுலா அலுவலகத்துக்கு நேர்காணலுக்குப் போன காலையில், வாசலில் வேன் கழுவிக்கொண்டிருந்தவர்தான் என்னிடம் முதலில் பேசினார்.

"என்ன படிச்சிருக்கீங்க தம்பி?"

"வரலாறு. எங்க குடும்பத்துல நான்தான் முதல் பட்டதாரி." கேட்காததையும் சேர்த்தே சொன்னேன்.

"வரலாறா? அப்ப நீங்க பின்னாடியே பாத்துக்கிட்டு இருக்கிற ஆளு. நான் முன்னாடியே பாத்துக்கிட்டு இருக்கிற ஆளு. ஜோடி சரியா இருக்கும்."

ஜோடி சரியாகத்தான் அமைந்தது. நான் வழிகாட்டி, அவர் ஓட்டுநர். எப்படி இருக்கீங்க என்று யார் கேட்டாலும் "ஸ்டெடி" என்பார். அலுவலகத்தில் அதுவே அவர் பெயராகிவிட்டது. எனக்கு ஸ்டெடி அண்ணன். இருபத்திரண்டு வருடமாக மலையில் ஓட்டுபவர். அவர் ஓட்டும்போது கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தைகள் தூங்கிக்கொண்டே வரும்.

'காலையில் கலை, மாலையில் மலை' என்பது எங்கள் நிறுவனத்தின் விளம்பரம். காலையில் நகரத்துத் தெருச் சுவர்களில் வரைந்திருக்கும் பெரிய ஓவியங்களையும் ஓவியக்கூடத்தையும் நான் சுற்றிக் காட்டுவேன். சாப்பாட்டுக்குப் பிறகு முப்பத்தாறு வளைவுகள் ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே மேலே உள்ள விடுதியில் இறக்கிவிடுவோம்.

நான் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆனபோது அண்ணனுக்குக் கடுமையான தலைவலி வந்தது. இரண்டு நாள் படுத்திருந்துவிட்டு மூன்றாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு வேனின் இடது பக்கக் கண்ணாடி இரண்டு முறை உடைந்தது. அவர் இடது முழங்கையில் எப்போதும் ஒரு கன்றிப்போன தடம். கேட்டால், "வயசாகுது தம்பி, கதவெல்லாம் சுருங்குது" என்பார். நானும் சிரித்தேன்.

அன்று பதினொரு பயணிகள். அவர்களில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். வழக்கமாக வேனிலேயே இருந்துவிடும் அண்ணனை, "வெயில்ல ஏன் தம்பி உக்காந்திருக்கீங்க, உள்ள வந்து படம் பாருங்க" என்று கையோடு அழைத்து வந்துவிட்டார்.

ஓவியக்கூடத்தின் கடைசி அறையில் சுவர் முழுக்க ஒரே படம். ஆற்றில் ஓடம். ஓடத்தின் வலது முனையில் ஒரு பிள்ளை. இடது ஓரத்தில், கரையில், இரண்டு கைகளையும் நீட்டியபடி அதன் அம்மா. அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தார்.

"பாவம், தனியா நிக்குது பிள்ளை. கூட்டிட்டுப் போக ஒருத்தர் கூடவா வரல?"

ஆசிரியை சிரித்தார். "என்ன தம்பி, பெத்தவ இம்மாம் பெரிசா நிக்கிறா. தெரியலையா?"

அண்ணன் கழுத்தைத் திருப்பினார். இன்னும் திருப்பினார். "அட, ஆமா" என்றார், அந்தப் பெண் அப்போதுதான் படத்துக்குள் நடந்து வந்ததுபோல.

கண்ணாடி, முழங்கை, கதவு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன. சாப்பாட்டு மேசையில் வேண்டுமென்றே அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். தட்டின் வலது பாதியைத் துடைத்துவைத்ததுபோல் சாப்பிட்டார். இடது பாதியில் ரொட்டியும் முட்டையும் அப்படியே இருந்தன. "இன்னைக்கு அளவு குறைச்சல்" என்று கை கழுவ எழுந்தார்.

"இருங்கண்ணே" என்று தட்டை அரைவட்டம் திருப்பிவைத்தேன்.

"இது எப்ப வெச்சாங்க?" என்று உட்கார்ந்து மீதியைச் சாப்பிட்டார்.

வெளியே ஓடி மேலாளருக்குப் போன் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "தட்டுல மிச்சம் வெச்சாருன்னு வண்டிய நிறுத்தச் சொல்றியா? உனக்கு மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியிருந்து ஓட்டுறாரு. ஏறி உக்காருப்பா."

ஏறி உட்கார்ந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. அண்ணனிடமே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்களுக்குக் கண் சரியில்லை என்று ஓர் ஓட்டுநரிடம் எப்படிச் சொல்வது? நான் சொல்வது பொய்யாக இருந்தால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? நிஜமாக இருந்தால் அவர் பிழைப்பு என்ன ஆவது? இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் மூன்றாவது வளைவு வந்துவிட்டது.

முன் இருக்கையில் இடது பக்கம் நான். எனக்கு அந்தப் பக்கம் ஒரு முழம் உயரத்துக்குச் சுவர், அதுவும் விட்டுவிட்டு. அதற்கப்பால் மரங்களின் உச்சிகள். பின்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேன் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் சாய்ந்து போவதை நான் மட்டும் பார்த்தேன். டயருக்கு அடியில் ஜல்லி நொறுங்கியது.

"அண்ணே, லெஃப்ட்ல ஓரம்."

"தெரியும்." வேனை நடுவுக்குக் கொண்டுவந்தார்.

அடுத்து, "லெஃப்ட்ல பைக்." அதற்கடுத்து, "லெஃப்ட்ல கல்லு." என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. பின்னால் ஒருவர், "கைடு சார் சாலையையும் சுத்திக் காட்டுறாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. ஒரு முறை என்னைப் பார்க்கத் திரும்பினார். பக்கத்தில் இருக்கும் என்னைப் பார்க்க அவர் தோளோடு திரும்ப வேண்டியிருந்தது. அந்த நொடியில் சாலையில் யாருடைய கண்ணும் இல்லை.

எட்டாவது வளைவில், இறங்கி வந்த லாரிக்கு இடம் கொடுக்க ஒதுங்கினார். என் பக்கத்து ஜன்னலில் சாலை தெரியவில்லை, சுவரும் தெரியவில்லை. வெறும் பள்ளம். நான் கதவின் கைப்பிடியைப் பிடித்த பிடியில் நகம் உடைந்தது.

"அண்ணே, நிறுத்துங்க. வாந்தி வருது."

ஒன்பதாவது வளைவில் காட்சி முனை இருந்தது. வேனை நிறுத்தினார். "பட்டதாரிக்குப் பத்து வளைவு தாங்கல" என்று பின்னால் திரும்பிச் சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு என் பின்னாலேயே வந்தார்.

நான் வாந்தி எடுக்கவில்லை. அவர் எதிரில் நின்றேன்.

"என் மூக்கையே பாருங்க. கண்ண அசைக்கக் கூடாது. இது எத்தனை விரல்?"

"என்னடா விளையாட்டு? மூணு."

அது அவருடைய வலது பக்கம். கையை இடது பக்கத்துக்கு மாற்றி, ஐந்து விரல்களையும் விரித்து ஆட்டினேன்.

"காட்டு" என்றார்.

"காட்டிட்டுத்தான் இருக்கேன்."

தலையைத் திருப்பினார். என் கை அங்கே ஆடிக்கொண்டிருந்தது. அவரே தன் கையை முகத்தின் இடது பக்கம் கொண்டுபோனார், முன்னால் கொண்டுவந்தார், மறுபடி கொண்டுபோனார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்தத் தலைவலியிலருந்தா?"

"அப்படித்தான் நினைக்கிறேன்."

உதடு அசைய எண்ணினார். "ஒன்பது ட்ரிப் தம்பி. போன ட்ரிப்புல கைக்குழந்தையோட வந்தாங்களே, ஞாபகம் இருக்கா? சன்னல் பக்கம் உக்காந்திருந்தாங்க. நான் பேசிக்கிட்டே ஓட்டுனேன்."

நான் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. சாவியை என் கையில் வைத்து என் விரல்களை மூடினார். வேனுக்குப் போய், படிக்கட்டில் நின்று, பயணிகளிடம் தானே சொன்னார்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க. எனக்குத்தான் ஒரு பக்கம் தெரியல. இது எனக்கே இப்பத்தான் தெரியும். வேற ஆள் வர்ற வரைக்கும் பொறுத்துக்கோங்க."

யாரும் சத்தம் போடவில்லை. ஆசிரியை இறங்கி வந்து அவர் இடது பக்கம் நின்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு வலது பக்கம் மாறி நின்றார். வேறு ஓட்டுநர் வர இரண்டு மணி நேரம் ஆனது. கடைசி வெளிச்சத்தில் விடுதி சேர்ந்தோம்.

மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்திருந்தது என்றார்கள் மருத்துவர்கள். உயிருக்கு ஆபத்தில்லை. போன பார்வை திரும்பவில்லை. ஓட்டுநர் உரிமத்தை அண்ணனே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்போது அவர் எங்கள் அலுவலகத்தில் முன்பதிவு மேசையில் இருக்கிறார். காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை போன் எடுக்கிறார். வேலைக்கு அவர் மனைவியோடு பேருந்தில் வருகிறார். பேருந்தில் ஜன்னல் ஓரம் மட்டும் உட்கார மாட்டார்.