பிரம்மநாயகி குறைத்த ஏழு ஸ்க்ரூ

பிரம்மநாயகிக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது. பேட்டையில் எங்கள் சின்ன மிக்ஸி கம்பெனியில் பதினான்கு வருடமாக அடிமூடி மாட்டுகிற வேலை அவளுக்கு. ஒரு மூடிக்கு ஒன்பது ஸ்க்ரூ. நான்கு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சாயங்காலம் வரை அதைத்தான் முறுக்குவார்கள்.

பக்கத்து இருக்கையில் ஞானசௌந்தரி. இருவரும் வண்ணார்பேட்டையில் ஒரே பஸ் ஏறி வருவார்கள், குழம்பை மாற்றிக்கொண்டு சாப்பிடுவார்கள். போன வருடம் ஞானசௌந்தரியின் வலது மணிக்கட்டு வீங்கிப்போயிற்று. தெரிந்தால் நிறுத்திவிடுவார்களே என்று பயந்து, முந்தானையால் மறைத்துக்கொண்டே முறுக்கினாள். யாரும் பார்க்காத நேரத்தில் அவள் பங்கில் பாதியை பிரம்மநாயகி முடித்துக் கொடுப்பாள்.

ஒரு நாள் முதலாளி அந்தப் பக்கம் வந்தபோது பிரம்மநாயகிக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, ஒம்பது ஸ்க்ரூ என்னத்துக்கு? ஒரு பக்கம் நாக்கு வச்சுச் சொருகிட்டா, மறுபக்கம் ரெண்டு போதும்லா?"

பெட்டி அட்டையை நறுக்கிச் செய்தே காட்டினாள். யாருடைய கைக்காக என்று மட்டும் சொல்லவில்லை.

மூடி வார்க்கிற அச்சைச் செய்கிறவன் நான். படித்த எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. பத்தே நாளில் அச்சை மாற்றிக் கொடுத்தேன். மூடி டக்கென்று உட்கார்ந்தது. முதலாளி எல்லாருக்கும் கேசரி வாங்கித் தந்தார். பிரம்மநாயகி தன் பங்கையும் ஞானசௌந்தரி பக்கம் நகர்த்தி, "இனிமே ஒங் கைக்கு நோவு இல்லட்டீ" என்றாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். அடுத்த மாதமே அந்த மேஜைக்கு ஒரு ஆள் போதும் என்றாகிவிட்டது. யோசனை சொன்னவள் என்று பிரம்மநாயகியை வைத்துக்கொண்டு மற்ற மூவரையும் நிறுத்தினார்கள்.

"ஞானசௌந்தரி இருக்கட்டும் அண்ணாச்சி, நா போயிருதேன்" என்று பிரம்மநாயகி மன்றாடினாள்.

"அவ மெதுவால்லா செய்யுதா" என்றார் முதலாளி. மணிக்கட்டு வீக்கத்தைச் சொன்னால் அதற்கே நிறுத்திவிடுவார்கள். அச்சைச் செதுக்கிய எனக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் நானும் பிரம்மநாயகியும் ஞானசௌந்தரியைப் பார்த்தோம். பிரம்மநாயகி வேகமாக அவள் பக்கத்தில் போனாள். "கை எப்படிட்டீ இருக்கு?" என்றாள்.

ஞானசௌந்தரி கையைத் திருப்பிக் காட்டினாள். வீக்கம் முழுக்க வடிந்திருந்தது.

"நல்லா ஆயிட்டு பிரம்மு. வேல இல்லல்லா" என்றாள்.