ஒன்பதரை மணி போன்

கல்யாணமாகி விருத்தாசலம் வந்த இரண்டாவது வருடம், ஜங்ஷன் ரோட்டில் ஒரு மருந்துக் கடை மாடியில் அறை எடுத்தேன். கணவருக்கு ரயில்வேயில் வேலை. காலையில் அவர் கிளம்பியதும் நானும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அதற்கு முன் சென்னையில் ஒரு கம்பெனியில் மூன்று வருடம் வெப்சைட் டிசைன் செய்திருந்தேன். அந்தத் தைரியத்தில் இங்கே தனியாகத் தொழிலைத் தொடங்கியிருந்தேன். வெப்சைட் என்றால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. என்னவென்று கேட்காமலே ஒன்று வேண்டும் என்று வந்தவர்களும் உண்டு. கல்யாண மண்டபம், விதைக் கடை, டிராவல்ஸ் என்று வேலை வந்துகொண்டுதான் இருந்தது.

எனக்கு வேலை தெரியும். முடிக்கத்தான் தெரியவில்லை. சென்னையில் அது வெளியே தெரியாமல் போயிற்று. அங்கே பக்கத்து சீட்டில் டீம் லீடர் உட்கார்ந்திருந்தார். மணிக்கொரு தரம் என் திரையை எட்டிப் பார்ப்பார். இங்கே எட்டிப் பார்க்க யாரும் இல்லை. அதனால் நான் திட்டம் போட ஆரம்பித்தேன்.

அதற்கென்றே முப்பது நாள் இலவசமாக ஓடும் சாப்ட்வேர்கள் அப்போது நிறையக் கிடைத்தன. ஒவ்வொரு வேலைக்கும் திரையில் ஒரு பட்டை, ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு நிறம். கல்யாண மண்டபத்துக்கு மஞ்சள், விதைக் கடைக்குப் பச்சை. பட்டைகளை இழுத்து, நகர்த்தி, ஒன்றின் முடிவை இன்னொன்றின் தொடக்கத்தோடு கோத்து முடிக்கும்போது மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். சாப்பிட்டு வந்ததும், காலையில் போட்டதில் அரை நாள் போய்விட்டதால் எல்லாப் பட்டைகளையும் மறுபடி நகர்த்துவேன். முப்பது நாள் முடிந்ததும் வேறொரு சாப்ட்வேரை இறக்கிக்கொண்டு முதலிலிருந்து தொடங்குவேன். இது போதாதென்று மானிட்டரைச் சுற்றி மஞ்சள் சீட்டுகள் ஒட்டியிருந்தேன். ஃபேனைப் போட்டால் அவை ஒவ்வொன்றாகக் கீழே விழும். பொறுக்கி ஒட்டுவதும் ஒரு வேலையாக இருந்தது. இவ்வளவு செய்தும் நாள் முடியும்போது ஒன்றும் செய்யாத மாதிரியே இருப்பது ஏன் என்று உண்மையாகவே எனக்குப் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு அக்கா வந்தார். மங்கலம்பேட்டைக்காரர். கணவர் துபாயில் இருந்தார். பீங்கான் பட்டறைகள் நிறைந்த செராமிக் எஸ்டேட்டில் அக்காவுக்கு ஒரு சின்னப் பட்டறை; அகல் விளக்கு, சின்னச் சின்னப் பொம்மைகள், பூ ஜாடி செய்வார்கள். தினமும் காலையில் பஸ்ஸில் வந்து பட்டறையைத் திறந்து, சாயங்காலம் பூட்டிக்கொண்டு போவார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். தலையில் போட்ட முந்தானை எப்போதும் நழுவாமல் கழுத்தைச் சுற்றி இருக்கும். வெப்சைட் கேட்டுத்தான் வந்தார். இரண்டு மாதத்தில் சென்னையில் ஒரு கண்காட்சியில் கடை போடுவதாகவும், அதற்குள் முடிய வேண்டும் என்றும் சொன்னார். நானும் ஒரு நீலப் பட்டை போட்டு வைத்திருந்தேன்.

கண்காட்சிக்கு ஆறு நாள் இருக்கும்போது ஒரு காலையில் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். கையில் ஒரு பெட்டி நிறைய விசிட்டிங் கார்டு. வெப்சைட் முகவரியோடு அச்சடித்தாகிவிட்டது.

"ஏம்மா, நேத்து பிரவுசிங் சென்டர்ல போயி நம்ம சைட்ட தொறந்து பார்த்தேன். ஒரு ஆளு மண்ணு வெட்டிக்கிட்டே இருக்கான். வேற ஒண்ணும் காணலயே?"

வேலை முடியாத வெப்சைட்டுகளில் அந்தக் காலத்தில் எல்லோரும் வைத்த படம் அது. தொப்பி போட்ட ஒருவன் மண்வெட்டியால் தோண்டுவான். கீழே 'பணி நடைபெறுகிறது' என்று இருக்கும். நான் அவசரமாக என் திட்டத்தைத் திறந்து காட்டினேன்.

"இதோ பாருங்கக்கா, இந்த நீலம்தான் உங்களது. சரியா சனிக்கிழமை முடியுது."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். "அழகா இருக்குது. இதத்தான் சைட்டுல போடப் போறீங்களா?"

"இல்லக்கா, இது பிளானு."

"அப்ப சைட்டு எங்க?"

முகப்புப் பக்கம் பாதி இருந்தது. பொம்மைகளின் படங்கள் அவர் கொடுத்த சிடியிலேயே இருந்தன. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றக்கூட இல்லை. அதைச் சொன்னேன். சொல்லும்போது காது சூடாகிவிட்டது.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கார்டுப் பெட்டியை மேஜை மேல் வைத்தார். மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பட்டறைக்கு போன் செய்து இன்றைக்கு வர நேரமாகும் என்று சொன்னார். பிறகு என்னிடம், "இப்ப என்னா பண்ணப் போறீங்க?" என்றார்.

"படத்தையெல்லாம் ஏத்தணும்."

"ஏத்துங்க."

ஏற்றினேன். இருபது நிமிஷம் ஆயிற்று.

"அடுத்தது?"

நான்கு நாள் அப்படிப் போயிற்று. காலையில் பட்டறைக்குப் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு, டிபன் பாக்ஸோடு என் அறைக்கு வந்துவிடுவார். எனக்கு எந்த யோசனையும் சொல்லமாட்டார். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்று அவரே சொல்லிக்கொள்வார். பொம்மைகளைச் சுற்றிக் கட்ட செய்தித்தாளைச் சீராகக் கிழித்து அடுக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஒரு வேலை முடிந்து நான் கையை எடுத்தால் மட்டும் நிமிர்ந்து, "அடுத்தது?" என்பார். நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னபின் செய்யாமல் இருக்க வெட்கமாக இருந்தது. அந்த நான்கு நாளும் திட்ட சாப்ட்வேரை நான் திறக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை மதியம், அவர் தொழுதுவிட்டு வருவதற்குள் சைட் தயாராக இருந்தது. மண்வெட்டி ஆளை நீக்குவதை அவரே பக்கத்தில் இருந்து பார்க்கட்டும் என்று அதை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். பொத்தானை அழுத்தியதும் அகல் விளக்கு வரிசை வந்தது. "பாவம், வூட்டுக்குப் போகட்டும் அவன்" என்று சிரித்தார்.

அவர் சென்னைக்குப் போன பின் இரண்டே நாளில் நான் பழையபடி ஆகிவிட்டேன். செவ்வாய்க்கிழமை மதியம் வரை ஒரு மெனுவுக்கு எந்த நீலம் பொருந்தும் என்று பதினேழு நீலங்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. புதன்கிழமை அவர் ஊர் திரும்பிய செய்தி சொல்ல போன் செய்தபோது, வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"அக்கா, தினமும் காலையில நான் உங்களுக்கு ஒரு போன் பண்ணட்டுமா? இன்னைக்கு என்ன செய்யப் போறேன்னு சொல்லிட்டு வச்சிடறேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்."

"அப்ப நானும் சொல்வேன்" என்றார். "எனக்கும் கேக்க ஆளில்ல. அவரு போன் பண்ணா புள்ளைங்களப் பத்திதான் பேச்சு. பட்டறைய பத்தி யாருகிட்ட சொல்றது?"

காலை ஒன்பதரை என்று முடிவாயிற்று. அவர் பஸ்ஸை விட்டு இறங்கி எஸ்டேட்டுக்குள் நடக்கும் நேரம். ஆளுக்கு மூன்று வேலை சொல்ல வேண்டும். மூன்றுக்கு மேல் கூடாது. நேற்று சொன்னதில் எது முடிந்தது, எது முடியவில்லை என்று சொல்ல வேண்டும். முடியாததற்குக் காரணம் சொல்லக் கூடாது. அந்தக் கடைசி விதி அவர் போட்டது. "காரணம் சொல்ல ஆரம்பிச்சா ரெண்டு பேருக்கும் பத்து மணி ஆயிடும்" என்றார்.

நேற்று என்ன சொன்னோம் என்பது இருவருக்கும் மறந்துபோனதால், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி இடது பக்கம் என்னுடையதையும் வலது பக்கம் அவருடையதையும் எழுதிக்கொண்டேன். என் பக்கத்தில் 'விதைக் கடை, தொடர்புப் பக்கம்' என்று இருக்கும். அவர் பக்கத்தில் 'சூளை ஏற்றுதல்', 'களிமண் லாரி', 'சேத்தியாத்தோப்பு ஆர்டர் பேக்கிங்' என்று இருக்கும். போன் நான்கு நிமிஷத்துக்கு மேல் போனதில்லை.

பெரிய மாற்றம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. சொன்ன தேதிக்கு வேலையைக் கொடுக்க ஆரம்பித்தேன், அவ்வளவுதான். பிறகு மின்வெட்டு வந்தது. தினமும் கரண்ட் போகும் நேரம் முன்பே தெரியும். அந்த நேரத்துக்கு என்று பேப்பர் வேலையை ஒதுக்கி வைத்தேன். புதிய சைட் எதுவானாலும் முதலில் பென்சிலால் வெள்ளைத் தாளில் கட்டம் கட்டமாக வரைந்துவிடுவேன். எங்கே படம், எங்கே எழுத்து என்று. கரண்ட் வந்ததும் அதைப் பார்த்துச் செய்வது. முன்பெல்லாம் திரையிலேயே தொடங்கி, இடையில் மனசு மாறி, நாலு முறை கலைப்பேன். பேப்பரில் மனசு மாறுவதற்கு ரப்பர் போதும். ஃபேனும் ஓடாததால் மஞ்சள் சீட்டுகள்கூட அந்த நேரத்தில் ஒட்டிய இடத்திலேயே இருந்தன. கொஞ்ச நாளில் சீட்டு ஒட்டுவதையே விட்டுவிட்டேன்.

மூன்றாவது நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஒரு நாள் அவர் மூன்றாவது வேலையாக, "பாண்டி போகணும்" என்றார். எழுதினேன். மறுநாள், "பாண்டி போகல. இன்னைக்கு அத வச்சுக்குறேன்" என்றார். அதற்கடுத்த நாளும் அப்படியே. காரணம் கேட்கக் கூடாதே என்று நானும் எழுதிக்கொண்டே வந்தேன். பத்து நாள் கழித்து அது பட்டியலிலிருந்து காணாமல் போயிற்று. சில நாள் விட்டு மறுபடி வந்தது. ஒரு மின்வெட்டு நேரத்தில் சும்மா நோட்டைப் பின்னுக்குப் புரட்டிப் பார்த்தேன். அவருடைய பக்கத்தில் சூளை, லாரி, பேக்கிங் எல்லாம் ஓரிரு நாளில் முடிந்து, கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன. 'பாண்டி' மட்டும் ஐந்து வாரமாக அடிபடாமல் பக்கம் பக்கமாக வந்துகொண்டிருந்தது. ஒரு வேலையையும் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளுகிற ஆளில்லை அவர்.

போனில் கேட்க மனம் வரவில்லை. எஸ்டேட்டுக்கு நடந்தே போனேன். பட்டறை வாசலில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து பொம்மைகளின் அடிப்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து நோட்டைக் காட்டினேன்.

"பாண்டியில என்னக்கா?"

"காரணம் கேக்கக் கூடாதுன்னு பேசியிருக்கோம்ல."

"கேக்கறேன்."

அவர் கையிலிருந்த பொம்மையைக் கீழே வைத்தார். உள்ளே பெண்கள் வேலை செய்யும் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, முந்தானையை லேசாகத் தளர்த்தினார். கழுத்தில், தொண்டைக்கு இடது பக்கம், எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம்.

"இங்க டாக்டருகிட்ட காட்டுனேன். பாண்டிக்குப் போயி ஊசி வச்சு டெஸ்ட் எடுத்துட்டு வாங்கன்னாரு. அவரு எழுதிக் குடுத்த சீட்டு பையிலயேதான் இருக்குது."

"வீட்ல தெரியுமா?"

"அவருகிட்ட சொன்னா லீவு போட்டுட்டு ஓடி வந்துடுவாரு. புள்ளைங்க பயந்துக்கும்." உப்புத்தாளை மடித்தார். "எனக்கே பயமா இருக்குது. அதான் தெனம் உங்கிட்ட சொன்னேன். சொல்லிட்டா போயிடுவேன்னு நெனச்சேன். போவ முடியல."

அதுவரை என்னை 'நீங்க' என்று சொல்லிவந்தவர். அவர் 'உங்கிட்ட' என்று சொன்னதை நான் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்.

"நாளைக்கு என் பக்கத்துல மூணு வேல இல்லக்கா, ஒரே வேலதான். உங்க பக்கத்துலயும் அதேதான். ஆறரை பஸ்ஸு."

"உன் சைட்டு வேல?"

"காரணம் சொல்லக் கூடாது."

மறுநாள் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் ஏறி, நெய்வேலி, பண்ருட்டி வழியாகப் போனோம். பண்ருட்டியில் பஸ் நின்றபோது பலாச்சுளை வாங்கிச் சாப்பிட்டோம். வழியெல்லாம் அவர் பட்டறையைப் பற்றியே பேசினார். ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிட்டதும் எழுந்தவர் இரண்டு அடி போய்த் திரும்பிப் பார்த்தார். நானும் எழுந்து கூடவே உள்ளே போனேன். ஊசி குத்தும்போது என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. பயப்படும்படியான கட்டி இல்லை. ஆனால் வளர்ந்துகொண்டே போகும், எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். அன்றைக்கே கணவரிடம் சொல்லிவிட்டார். அவர் லீவு போட்டுக்கொண்டு வந்தார்தான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அக்காவின் குரல் போய்விட்டது. சில வாரத்தில் தானாக வரும், அதுவரை பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறு வாரம் திங்கட்கிழமை ஒன்பதரைக்குப் பழக்கத்தில் போனை எடுத்துவிட்டு, அப்புறம் நினைவு வந்து கீழே வைத்தேன். வைத்த சில நிமிஷத்தில் அவர் எண்ணிலிருந்து போன் ஒரே ஒரு முறை அடித்து நின்றது. நான் திரும்ப அழைத்தேன். எடுத்தார், பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நான் என் மூன்று வேலைகளைச் சொன்னேன். பிறகு, "உங்களுக்கு நானே சொல்றேங்க்கா. ஒண்ணு, மாத்திரை. ரெண்டு, கஞ்சி. மூணு, படுத்துத் தூங்கறது" என்றேன். போனை நகத்தால் மூன்று முறை தட்டினார்.

ஐந்து வாரம் அப்படியே நடந்தது. பட்டறையை அவர் கணவர் பார்த்துக்கொண்டார். ஒரு வியாழக்கிழமை, வழக்கம்போல நான் என்னுடையதைச் சொல்லிவிட்டு, அவருடையதைத் தொடங்கப் போனேன். "இரு" என்று ஒரு குரல் வந்தது. கரகரவென்று, யாரோ ஆண் பேசுகிற மாதிரி. ஒரு நொடி அவர் கணவர் என்றே நினைத்துவிட்டேன்.

"என்னோடத நான் சொல்றேன், எழுதிக்க" என்றார். "சூளையில வச்சதுல பாதிக்கு மேல வெடிச்சிருக்குதாம். அவரு ஏத்துன லட்சணம். நாளையிலேர்ந்து நான் போறேன்."

பேனாவைத் தேடினேன். நோட்டின் வலது பக்கத்தில், சூளை என்று எழுதினேன்.