மாப்பிள்ளை கையில் கொடுத்த கழி

ராஜசேகர் எங்கள் ரத்தம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வந்ததெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

அவன் விக்கிரவாண்டிக்காரன். அவன் அப்பா சீனுவாசன் ஐஸ் லாரி ஓட்டினார். மரக்காணத்துக்குத் தெற்கே கடலோரமாக இருக்கும் எங்கள் குப்பத்துக்கு அந்த லாரிதான் ஐஸ் கொண்டுவரும். கட்டிகளை இறக்கி உடைத்துக் கொடுப்பது ராஜசேகர் வேலை. என் தங்கை சௌந்தரத்தின் மகள் செந்தாமரை கூடையோடு போனால் அவளுக்கு மட்டும் பெரிய துண்டாக விழும். மற்றப் பெண்கள் இதைப் பார்த்துவிட்டார்கள். ஊரே பேச ஆரம்பித்த பிறகு கல்யாணம் செய்து வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. சாதி வேறு, தொழில் வேறு என்று இரண்டு பக்கமும் குதித்து அடங்கினார்கள். அன்றிலிருந்து ஊரில் அவனுக்கு 'ஐஸ் மாப்பிள்ளை' என்றே பெயர்.

கல்யாணமாகி வந்தபோது அவனுக்கு நீச்சல் தெரியாது. என் தங்கை மகன் தீனதயாளன்தான் ஏரியில் கன்றுக்குட்டியைத் தள்ளுவதுபோலத் தள்ளிக் கற்றுக்கொடுத்தான். இரண்டு வருடத்தில் வலை இழுத்தான், எஞ்சின் பிரித்தான். சிரித்துக்கொண்டே இருப்பான். மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஒரு சின்ன ஃபைபர் போட் வைத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் போகிற போட்தான்.

இனி சௌந்தரம் வாழ்க்கைப்பட்ட வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் மாமனார் தட்சிணாமூர்த்தி நடுக்கடலில் சாகவில்லை. கரைக்கு வரும்போது, அலை உடைகிற இடத்தில், கைநழுவிய துடுப்பை எடுக்கக் குனிந்தார். கட்டுமரம் புரண்டு அவர் தலைமேல் விழுந்தது. அவர் மகன் கிருஷ்ணசாமி, அதாவது என் தங்கை புருஷன், தொண்ணூற்று மூன்றாம் வருடம் கார்த்திகையில் அதே இடத்தில் போனார். வலைமூட்டை சரிந்தது, பிடிக்கக் குனிந்தார். சௌந்தரம் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்தவர் நிமிரவில்லை.

அதற்குப் பிறகு போட் வரும் நேரத்தில் அவள் கடலைப் பார்த்து நின்றதே இல்லை. கரைக்கு வருவாள், ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்பாள். அலைக்குள் நுழையும்போது எஞ்சின் பிடியில் இருப்பவன் கையை எடுத்துவிட்டால் சத்தம் மாறும். மாறாமல் மணலில் ஏறும் வரைக்கும் அவளுக்கு மூச்சு வராது.

"அந்த வூட்டு ஆம்பளைங்க சாமானுக்குக் குனியுறவங்கண்ணே," என்று என்னிடம் சொல்வாள். "ரத்தத்துலயே கீது. என் புள்ளையும் குனிவான்."

தீனதயாளன் போட்டில் விலையுள்ள எதையும் ஏற்றக்கூடாது என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். புது ரேடியோவைக்கூட வீட்டிலேயே வைக்கச் சொன்னாள்.

சுனாமிக்குப் பிறகுதான் அந்தப் பிடிவாதம் உடைந்தது. கரையிலிருந்து அலை இழுத்துப்போன மரம், தூண், இரும்பு எல்லாம் அடியில் எங்கெங்கோ கிடந்தன. போன வாரம் வலை விரித்த இடத்தில் இந்த வாரம் விரித்தால் பாதி வலைதான் மேலே வரும். சேறாக இருந்த இடத்தில் எது கிடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. வலை கிழிந்து கிழிந்து இரண்டு பேரும் கடலுக்குப் போவதைவிட வலை தைத்ததே அதிகம்.

"அடியில இன்னா கீதுன்னு காட்டுற பெட்டி ஒண்ணு கீதாம் மாமா," என்றான் ராஜசேகர் என்னிடம். "கோட்டக்குப்பத்துல ஒரு பாய் வெச்சிக்கீறாராம். நீங்க வந்து அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

சௌந்தரத்திடம் சொன்னேன். மறுநாள் காலையில் ஒரு நிபந்தனை சொன்னாள். அந்தப் பெட்டியை, அதைச் சேர்ந்த எதையும், தீனதயாளன் கையால் தொடக்கூடாது. கரைக்கு வரும்போது அவன் எஞ்சின் பிடியை மட்டும் பிடிக்க வேண்டும். பெட்டி மாப்பிள்ளை பொறுப்பு.

"நம்ம சாபம் அவருக்கு ஒட்டாது," என்றாள். "அவரு விக்கிரவாண்டி."

ராஜசேகர் சிரித்தான். "ஆமா அத்தை. எங்க ஊருல லாரிக்குத்தான் பயப்படணும்."

தீனதயாளன் விளக்கின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். அவனும் ராஜசேகரும் நானும் பஸ் ஏறிக் கோட்டக்குப்பம் போனோம்.

அப்துல் வஹாப் பாய் மஸ்கட்டில் பல வருடம் இருந்து திரும்பியவர். வீட்டு முன்னறையிலேயே வியாபாரம். டார்ச், ரேடியோ, அயர்ன் பாக்ஸ் நடுவில் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று கலர், கடலில் இடத்தையும் குறித்து வைத்துக்கொள்ளும். ஒன்று நடுத்தரம். மூன்றாவது உள்ளங்கை அகலத்தில் கறுப்பு வெள்ளை.

மூன்றாவதைச் சின்ன பேட்டரியில் மாட்டிப் பொத்தானை அழுத்தினார். கண்ணாடியில் ஒரு தரை தெரிந்தது. அதன்மேல் வளைவு வளைவாக மீன்கள் போய்க்கொண்டிருந்தன.

ராஜசேகர் காலைத் தூக்கிக் கீழே பார்த்தான். "பாய், உங்க வூட்டுத் தரைக்கு அடியில இவ்ளோ மீனா கீது? நாங்க ஏன் கடலுக்குப் போய் சாவுறோம்?"

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "அடியில போடற மூக்கை மாட்டாம ஆன் பண்ணா இப்படித்தான் சும்மா வேடிக்கை காட்டும் தம்பி. மாட்டிட்டா பொய் சொல்லாது."

உள்ளேயிருந்து சாரா பீவி டீ அனுப்பினார். பேரம் பேசும் முன்பு என்ன வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. தீனதயாளன் கலர் பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சத்தியம் செய்திருந்தான் இல்லையா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டே பேசினான்.

"இடம் எனக்குத் தெரியும். கோயிலையும் தண்ணி டாங்கியையும் ஒண்ணாச் சேத்துப் பாத்தா வந்துடுவேன். அடியில முட்டிக்கினு இன்னா நிக்குதுன்னுதான் தெரியல. அத்தக் காட்டினா போதும்."

"ஆழம் எவ்வளவு போவீங்க?"

"இருபது பாகத்துக்கு மேல போறதில்ல." பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த அகலம்.

"அப்ப இந்தச் சின்னதே தாராளம். வெயில்ல கலரைவிட இதுதான் கண்ணுக்குத் தெரியும். பைக் பேட்டரியே போதும்."

பிறகு மூக்கை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. ஒயர் நுனியில் தண்ணீருக்குள் இருந்து, அடிக்குச் சத்தம் அனுப்பித் திரும்பி வருவதைக் கேட்கிற துண்டுக்குத்தான் மூக்கு என்று பெயர். போட்டின் உள்ளே தரையோடு ஒட்டலாம் என்றார் பாய். ராஜசேகர் மறுத்தான். எங்கள் போட் மிதப்பதற்காகத் தரைக்கு அடியில் தெர்மகோல் அடைத்தது. அதைத் தாண்டிச் சத்தம் போகாது. பின்னால் திருகினால் எஞ்சின் கலக்குகிற நுரையில் ஒன்றும் தெரியாது. அதோடு போட்டை மணலில் இழுத்து ஏற்றும்போது நொறுங்கிவிடும்.

"மூங்கில் கழியில கட்டிடலாம்," என்றான். "பக்கத்துல எறக்கிப் பாத்துட்டு, கரை வர்றதுக்கு முன்ன தூக்கிக்கலாம்."

"நல்ல ரோசனை," என்றார் பாய். "ஒண்ணு மட்டும் கவனம். இந்த ஒயர் தனியா கிடைக்காது. மடக்கிடாதீங்க. மடங்குனா உள்ளயே அறுந்துடும், அப்புறம் பெட்டி குப்பைதான். வட்டமா சுத்தியே வைக்கணும்."

"கொழந்த மாதிரி வெச்சிக்கிறேன் பாய்."

அப்படித்தான் வைத்துக்கொண்டான். கரை வந்ததும் நல்ல தண்ணீரில் துணியை நனைத்துப் பெட்டியையும் ஒயரையும் துடைப்பான். செந்தாமரை வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வாள்: "புள்ள அழுதா பொரண்டு படுக்கறாரு. பெட்டி மேல தண்ணி சொட்டுச்சின்னா எழுந்து உக்காந்துக்கறாரு. என்னிய ஒருநாளாச்சும் இப்படித் துடைச்சிக்கீறாரா கேளுங்க."

பெட்டி வேலை செய்தது. வலை கிழிவது நின்றது. ஓரிடத்தில் தட்டையான தரைக்கு நடுவே வீடு அளவுக்கு எதுவோ எழும்பி நிற்பதாகவும், அதைச் சுற்றி மீன் மொய்ப்பதாகவும் கண்ணாடி காட்டியது. அது என்னவென்று அவர்கள் யாரிடமும் கேட்கவில்லை. அதன் ஓரமாகவே வலை விரித்தார்கள். கூடை நிறைந்தது.  சௌந்தரம் பல வருடத்துக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டாள். மகன் கை எஞ்சின் பிடியை விட்டு நகரவில்லை என்று அவள் காதுக்குத் தெரிந்தது.

கரையிலிருந்து நான் வேறொன்றைப் பார்த்தேன். ராஜசேகர் கழியைத் தூக்கும்போது ஒயரைத் தன் இடது கையிலேயே சுற்றிக்கொண்டு வந்தான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, தூண்டில் கயிறு சுற்றுகிற மாதிரி.

"மாப்பிள, கையில சுத்தாதீங்க," என்றேன். "கூடையில வுடுங்க."

"கூடையில வுட்டா மடங்கிடும் மாமா. பாய் சொல்லிக்கீறாரே."

"அலையில எதையும் ஒடம்புல சுத்தக்கூடாது."

"அது உங்க வூட்டுக்காரங்களுக்கு," என்று கண்ணைச் சிமிட்டினான். பக்கத்திலிருந்த சௌந்தரமும் சொன்னாள்: "அவரை வுடுண்ணே. அவருக்கு ஒண்ணும் ஆவாது." அவள் அதைத் தைரியம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. மெய்யாகவே நம்பினாள்.

ஐப்பசியில் ஒருநாள் மழை இல்லை, காற்றும் இல்லை. ஆனால் கடல் உள்ளுக்குள் வீங்கிக்கொண்டிருந்தது. எங்கோ தூரத்தில் அடித்த காற்று அனுப்புகிற அலை அது. மேலே எண்ணெய் தடவினாற்போல இருக்கும், கரை கிட்டே வந்ததும் எழுந்து நிற்கும். முன்னால் வந்த இரண்டு போட்டும் தண்ணீர் குடித்துத்தான் ஏறின. எங்கள் போட் வெளியே நின்று அலை பார்த்தது. சௌந்தரம் வழக்கம்போலக் கடலுக்கு முதுகைக் காட்டி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு நடந்ததைக் கொஞ்சம் நான் பார்த்தேன், கொஞ்சம் தீனதயாளன் சொன்னான். பெரிய அலை ஒன்று கடந்ததும் அவன் எஞ்சினை முடுக்கினான். அதற்குப் பின்னாலேயே இன்னொன்று, வரக்கூடாத நேரத்தில் எழுந்தது. கழி இன்னும் தண்ணீரில் இருந்தது. கழியைப் போட்டோடு கட்டியிருந்த கயிறு நனைந்து வீங்கி, அவிழாமல் முடிச்சு இறுகிவிட்டது. ராஜசேகர் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டே மறு கையால் முடிச்சை இழுத்தான்.

"வுட்டுடு மாப்பிள. போனா போவுது, வுட்டுடு."

"தோ வந்துட்ச்சி மச்சான். நீ பிடிய வுடாத."

முடிச்சு அவிழ்ந்தது. அந்த நேரம் பார்த்து அலை கழியைப் பிடுங்கியது. கழியோடு ஒயர், ஒயரோடு கை. அவன் பக்கவாட்டில் குனிந்ததை நான் பார்த்தேன். குனிந்தவன் நிமிரவில்லை.

தீனதயாளன் பிடியை விடவில்லை. விட்டிருந்தால் போட் குறுக்கே திரும்பி அவனையும் அடித்திருக்கும். அம்மாவிடம் செய்த சத்தியமும் இருந்தது. எஞ்சின் சத்தம் கொஞ்சமும் மாறாமல், ஒரே சீராக வந்து மணலில் ஏறி நின்றது.

அந்தச் சத்தத்தைக் கேட்டு சௌந்தரம் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். முகத்தில் சிரிப்போடு திரும்பினாள். போட்டில் ஒரே ஒரு ஆள் இருந்தான்.

தீனதயாளன் திரும்ப அலைக்குள் ஓடினான், ஊர் ஆம்பளைகள் எல்லாம் ஓடினார்கள். பொழுது சாய்வதற்குள் தெற்கே ஒதுங்கியிருந்த ராஜசேகரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒயர் கையில் வட்டமாகவே இருந்தது. எங்கேயும் மடங்கவில்லை.

போட்டில் கிடந்த பெட்டியை யாரோ எடுத்து மணலில் வைத்தார்கள். பொத்தானில் கை பட்டிருக்க வேண்டும். கண்ணாடி எரிந்தது. மூக்கு அறுந்துபோன பெட்டி, வெறும் மணலின்மேல், வளைவு வளைவாக மீன் காட்டிக்கொண்டிருந்தது. பேட்டரி தீரும்வரை யாரும் அதை அணைக்கப் போகவில்லை.

செந்தாமரை அழவில்லை. புருஷன் கையிலிருந்து ஒயரைச் சுற்று சுற்றாகப் பிரித்தாள். பிரித்து முடித்த பிறகு அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள்.

"யம்மா. அந்தக் கழிய அண்ணன் கையில குடுக்காத, அவரு கையில குடுன்னு யாரு சொன்னது?"

 

காரியம் முடிந்ததும் செந்தாமரை குழந்தையைத் தூக்கிக்கொண்டு விக்கிரவாண்டிக்குப் போனாள். பிறகு திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் போனால் சோறு போடுவாள், அம்மாவைப் பற்றிக் கேட்கமாட்டாள். பையன் அப்பன் மாதிரியே சிரிக்கிறான். அவனைக் கடல் பக்கம் அவள் கூட்டி வந்ததில்லை.

தீனதயாளன் இன்னும் கடலுக்குப் போகிறான். சௌந்தரமும் கரைக்கு வருகிறாள். இப்போதெல்லாம் அவள் முதுகைக் காட்டி நிற்பதில்லை. போட் அலைக்குள் நுழையும்போது கடலைப் பார்த்து நின்று, உள்ளே இருக்கும் தலைகளை எண்ணுகிறாள். சத்தத்தை அவள் இப்போது நம்புவதில்லை.