சாய்ந்து வந்த வாணம்

அப்போது ஆம்பூரில் கேமரா வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். திருவிழாவில் வாணம் விடுவதைப் படம் பிடிக்க, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து நின்றிருந்தேன். ஒரு வாணம் சாய்ந்து என் பக்கம் சீறி வந்தது எனக்குத் தெரியவே இல்லை. யாரோ என்னைப் பிடித்துத் தள்ளினார்கள்.

எழுந்து பார்த்தால் கேமரா எரிந்துகொண்டிருந்தது. என்னைத் தள்ளிவிட்ட அந்த அம்மா, தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்பவர், தன் கை வெந்திருந்தும் கேமராவின் மேல் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“விடும்மா, போனா போவுது.”

“எப்டி வுடறது தம்பி? செத்துப்போன எம் புள்ளைக்கு ஒரு படம் இல்ல. மொகமே மறந்துடும்போல கீது,” என்றார்.

கேமரா பிழைக்கவில்லை. பிறகு வேறொன்று வாங்கி வாணத்தையும் படம் பிடித்தேன். ஆனால் குழந்தைக்கு உடம்பு முடியவில்லை, ஒரு படம் வேண்டும் என்று எந்த வீட்டில் கூப்பிட்டாலும், மற்ற வேலையை விட்டுவிட்டு முதலில் அங்கேதான் போவேன்.