காவடிக்காரனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி

கிள்ளானில் ஓட்டக் குழு ஒன்றை உருவாக்கியவன் நான். லாலாங் புல் மண்டிக் கிடந்த நிலத்தைச் சமன்படுத்தி, சுண்ணாம்புக் கோடு போட்டு ஓடுதளம் ஆக்கியதும் நான். உடை மாற்றும் கொட்டகை, நீளம் தாண்டும் மணல் குழி, பிள்ளைகளைப் போட்டிக்கு ஏற்றிப்போன லோரி, எல்லாம் என் உழைப்பு. மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு இதெல்லாம் ஆகாது என்றார்கள். ஆனது.

எண்பதுகளில் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஒரு டாக்டர் எங்களுக்கு உதவ வந்தார். ஓடுகிறவர்களுக்கு ஒரு தாள் கொடுத்தார். தூக்கம் எப்படி, கால் வலி எப்படி, களைப்பு எப்படி, மனம் எப்படி என்று கேள்விகள். நன்றாக இருந்தால் ஐந்து, மோசமென்றால் ஒன்று. தினமும் காலையில் அவர்களே போட வேண்டும். அதைப் பார்த்துத்தான் அன்றைய பயிற்சியைக் கூட்டுவதும் குறைப்பதும்.

தைப்பூசம் நெருங்கிய சமயம். எங்கள் ஐயாயிரம் மீட்டர்க்காரன் மாநில அணித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். தாளில் எல்லாவற்றுக்கும் ஐந்து. தளத்தில் வரவர மந்தம். தாளை நம்பி நாங்கள் பயிற்சியைக் கூட்டினோம். ஒரு காலை ஓடிக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"என்னடா, ஃபுல் மார்க் போட்டுட்டு இங்க வந்து குந்திக்கிட்ட?"

"ஓகேதான் அங்கிள்."

"ஓகேன்னா எழுந்து ஓடு லா."

எழவில்லை. தேநீர் நீட்டினேன். வாங்கவில்லை.

"சாயங்காலம்தான் சாப்புடுவேன் அங்கிள். பத்துமலைக்குக் காவடி. அம்மாவுக்கு நல்லாகணும்னு வேண்டிக்கிட்டேன். தரையிலதான் படுக்கிறேன்."

"அத ஏன்டா தாள்ல போடல?"

"விரதத்துல இருந்துக்கிட்டு அசதியா இருக்குன்னு எழுதலாமா? அப்புறம் முருகனுக்கு என்ன மரியாதை?"

டாக்டர் அவனைச் சாப்பிடச் சொல்லலாம் என்றார். "ஓட்டத்த விடுவானே தவிர விரதத்த விடமாட்டான், டாக்டர்" என்றேன். விரதம் இருப்பதைச் சொல்வது குறைப்பட்டுக்கொள்வது ஆகாது. அதை எவனும் மறைக்கமாட்டான். அதனால் தாளின் தலையில் ஒரு கேள்வி சேர்க்கச் சொன்னேன்: விரதமா? ஆமாம் என்றால் மற்ற மதிப்பெண்களைப் பார்க்காமல் பயிற்சியைக் குறைப்பது. அவர் ஒப்புக்கொண்டார்.

பையன் மெதுவோட்டத்தோடு நின்று, காவடி எடுத்து முடித்து, நன்றாகச் சாப்பிட்டுத் தேறினான். பிறகு வந்த தேர்வில் அணியில் மிச்சமிருந்த கடைசி இடத்தைப் பிடித்து உள்ளே போனான்.

அந்தத் தாளைப் பிற குழுக்களும் வாங்கிப்போயின. நோன்பு மாதத்தில் மலாய்க்காரப் பிள்ளைகளுக்கும் அந்தக் கேள்வி உதவியது. குழுவின் ஆண்டு மலரில் தாளைத் தயாரித்தவர் என்று டாக்டர் பெயர் மட்டும் வந்தது. மற்ற கேள்விகள் அவருடையவை. அவற்றில் நான் பங்கு கேட்கவில்லை. முதல் கேள்வி என்னுடையது. மலரை மறுபடி அச்சடிக்கிறவர்கள் அந்தக் கேள்விக்கு நேராக என் பெயரைப் போட வேண்டும்.