முன்கொம்புக்கு எட்டாத தோள்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதினால் என் உயரம் தெரிந்துவிடும். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றதைச் சொல்லக்கூட எனக்கு வெட்கமில்லை. உயரம் வேறு விஷயம்.

தம்பிக்கு மலேரியா வந்து பிதற்றிக்கொண்டு கிடந்தபோது இருதய ஆண்டவரிடம் ஒரு நேர்ச்சை வைத்தேன். அவன் எழுந்து கஞ்சி குடித்தால், ஜூன் மாதத் திருவிழாவில் உம்முடைய சப்பரத்தை முன்கொம்பில் தோள் கொடுத்துத் தூக்குகிறேன் என்று. தூக்குமரத்தின் பின்பக்கம், பின்கொம்பு என்று சொல்லியிருக்கலாம். பின்னால் நின்றால் யார் பார்ப்பார்கள்? தம்பி எழுந்து கஞ்சி குடித்தான், என் பங்கையும் சேர்த்து.

எங்கள் கடற்கரை ஊரில் சப்பரம் தூக்க ஒரே உயரத்து ஆட்களாகப் பொறுக்கி நிறுத்துவார்கள். நாங்கள் பிழைக்க வந்த போர்ட் பிளேரில் அந்தச் சொகுசு ஏது? கப்பலில் வந்து இறங்கியவர்களில் யார் கோவிலுக்கு வருகிறார்களோ அவர்கள்தான் தூக்க வேண்டும். அதே கொம்பில் எனக்கு அடுத்து நின்றவர் ஒரு மலையாளி. தென்னைமரத்துக்குத் தம்பி.

அன்று பிரசங்கமே உண்மையான ஆராதனை பற்றித்தான். "நாலு பேர் பார்க்கணும்னு செய்யறது ஆராதனை ஆகாது" என்றார் சாமியார். நான் அப்போது தலை சீவிக்கொண்டிருந்தேன்.

சப்பரம் எழும்பியது. கொம்பும் என் தோளை விட்டு எழும்பியது. துண்டை மடித்து வைத்துப் பார்த்தேன். எட்டவில்லை. நுனிக்காலில் நடந்தேன். மழைச் சேற்றில் கால் வழுக்க, கொம்பைப் பிடித்துத் தொங்கினேன். மேலே இருந்த ஆண்டவர் சுரூபம் ஒரு பக்கம் சாய்ந்தது.

"அரே பாய், சோடோ! விடு, விழுந்துரும்!" என்று கத்தினார் மலையாளி.

வேடிக்கை பார்க்க என்னோடு வந்திருந்த கூட்டாளி பக்கத்தில் ஓடிவந்தான். மதுரைக்காரன், லாரி ஓட்டுகிறவன், முருகன் பக்தன்.

"டேய் மாப்ள, தூக்குறியா, ஊஞ்சல் ஆடுறியா?"

"நேர்ச்சைடா! விட்டா தம்பிக்கு மறுபடி காய்ச்சல் வந்துரும்." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"விடலேன்னா உங்க சாமி சேத்துல கிடக்கும். தள்ளு."

செருப்பை உதறிவிட்டுத் தோள் கொடுத்தான். சுரூபம் நேராக நின்றது.

எனக்கு மிஞ்சியது பெஞ்சு. ஊர்வலம் நிற்கிற இடத்திலெல்லாம் சப்பரத்தை இறக்கி வைக்கிற, படாக் மரத்தில் செய்த கனத்த பெஞ்சு. அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓட யாரும் போட்டி போடுவதில்லை. தலையில் வைத்தால் முகமே தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் சேற்றைக் காலால் ஒதுக்கி, கல் முட்டுக்கொடுத்து, ஆடாமல் பிடித்துக்கொண்டேன். வாய் மட்டும் தானாக முணுமுணுத்தது. ஜெபம் என்று சொல்ல முடியாது. "காய்ச்சல் வேண்டாம் ஆண்டவரே, காய்ச்சல் வேண்டாம்." அவ்வளவுதான். சீவின தலை எப்போது கலைந்தது என்றே தெரியவில்லை.

சப்பரம் கோவிலுக்குத் திரும்பியதும் கூட்டாளியைப் பிடித்துக்கொண்டேன்.

"கொம்பு என் தோள்ல படவே இல்லையேடா. நேர்ச்சை சேருமா?"

அவன் சிவந்துபோன தோளைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்:

"நாங்க ஆட்டி ஆட்டித்தான் கொண்டாந்தோம் மாப்ள, உங்க சாமி நிம்மதியா நின்னதெல்லாம் நீ போட்ட பெஞ்சுலதான்."