செல்வின் எறிந்தால் தோற்போம்

போன சனிக்கிழமை கிளென் வேவர்லியில் குணம் அண்ணைக்கு அறுபதாவது பிறந்தநாள். மண்டபம், பலூன், ஒருவரும் கேட்காத பாட்டு. சுவரில் பழைய படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பேஸ்பால் அணியின் படம் வந்தது. யாரோ ஒரு பிள்ளை ஓரத்தில் நின்ற ஒல்லியனைக் காட்டி, "இது ஆர் அங்கிள்?" என்று கேட்டாள்.

குணம் அண்ணை கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "அது செல்வின். எங்கட பிட்ச்சர். பாவம், அவன் எறிஞ்சா நாங்கள் தோப்பம்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் கடித்த மட்டன் ரோலை அப்படியே தட்டில் வைத்தேன்.

ரோல் மேல் எனக்குக் கோபமில்லை. பொரித்த எண்ணெய் மணம் மூக்கில் ஏறினால் எனக்கு ரோவில் ஊர் மைதானம்தான் நினைவுக்கு வரும். குளிர்காலக் காலை, முழங்கால்வரை நனைக்கும் புல், ஐஸ்கிரீம் டப்பாவில் அடுக்கி வந்த ரோல்கள். ஆடுவதைவிடத் தின்பதைத்தான் ஒழுங்காகச் செய்தோம். மெல்பனில் குளிர்காலம் வந்தால் கிரிக்கெட் இல்லை. கோடை முழுக்க கிரிக்கெட் ஆடிய எங்கள் கூட்டம் ஜூன் மாதம் சோஃபாவில் விழுந்து வயிறு வளர்க்கும். குணம் அண்ணைதான், "சும்மா கிடக்காம பேஸ்பால் விளையாடுவம்" என்று கடைசித் தரப் போட்டியில் பெயர் கொடுத்தார். அவரே மனேஜர். பேஸ்பாலைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அதற்கும் ஒரு மட்டை உண்டு என்பது மட்டும்.

என்னைக் கேட்ச்சராகப் போட்டார்கள். கேட்ச்சர் என்றால் மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பிட்ச்சர் எறியும் பந்தைப் பிடிப்பவன். நான் குண்டன், ஓடத் தெரியாது, குந்தினால் பந்து என்னைத் தாண்டிப் போக இடமில்லை. தகுதி அவ்வளவுதான்.

செல்வின் அந்த வருடம்தான் வந்தான். திண்டுக்கல்காரன். ஸ்கோர்ஸ்பியில் நான் பெட்டி அடுக்கிய கிடங்கில் அவனும் பெட்டி அடுக்கினான். கல்லூரியில் பேஸ்பால் ஆடியிருக்கிறேன் என்றான். நம்பவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிடங்குக்குப் பின்னால் என்னை நிற்கவைத்து ஒரு பந்து எறிந்தான். உள்ளங்கை எரிந்தது. அன்று முழுக்க ஸ்கேனரை இடது கையால் பிடித்து வேலை செய்தேன்.

ஒரு பிட்ச்சர் நல்லவனா என்று எப்படிப் பார்ப்பது? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கையுறையை எங்கே வைக்கிறேனோ அங்கே பந்து வரவேண்டும். நான் தேடிப் போகக் கூடாது. செல்வின் எறிந்தால் நான் கையை அசைக்க வேண்டியதே இல்லை. மட்டைக்காரன் முட்டிக்குப் பக்கத்தில் காட்டினால் முட்டிக்குப் பக்கத்தில் வரும். வெளி ஓரம் காட்டினால் ஓரத்தைத் தடவிக்கொண்டு வரும். அடித்தவனுக்கும் சரியாகப் படாது, செத்த எலிபோலப் பந்து தரையில் உருளும். எதிரணிக்காரர்கள் மட்டையைத் தரையில் குத்திக்கொண்டு திரும்பிப் போகும்போது என்னைப் பார்த்து, "வேர் டிட் யூ கெட் திஸ் கை?" என்று, இவனை எங்கே பிடித்தீர்கள் என்பதுபோலக் கேட்பார்கள்.

ஆனால் பேஸ்பாலில் ஒரு கேடுகெட்ட வழக்கம் உண்டு. அணி தோற்றால், பெரும்பாலும் ஆட்டத்தைத் தொடங்கிய பிட்ச்சரின் பெயரில் தோல்வி எழுதப்படும். கிரிக்கெட்டில் ஆறு விக்கெட் எடுத்தவன் அணி தோற்றால், பாவம் நல்லாப் போட்டான் என்பார்கள். இங்கே அவன் தோற்ற பிட்ச்சர். பின்னால் நிற்பவன் பந்தைக் கோட்டைவிட்டாலும், மட்டை பிடித்தவர்கள் ஒரு ஓட்டம்கூட எடுக்காவிட்டாலும் அவன்தான் தோற்றவன்.

எங்கள் ஆட்களுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. பிடிக்காமல் என்ன செய்யும்? பிள்ளையின் பெயரைக் கேட்குமுன் பரீட்சையில் எத்தனை என்று கேட்கிற சனம் இது. கடைசியில் ஒரு எண் கிடைத்தால் போதும், மிச்சத்தைப் பார்க்கிற வேலை மிச்சம். நல்ல பள்ளிக்கூடத்துக்குப் பக்கம் என்று வீடு வாங்கியவர்களின் புத்தி அதற்குமேல் ஓடாது. குணம் அண்ணை ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் வாட்ஸாப் குழுவில் போடுவார்: "இன்றைய தோல்வி: செல்வின்." கீழே அழுகிற முகங்கள், சிரிக்கிற முகங்கள். அந்த ஆட்டத்தில் பந்தைக் கைக்குள் வாங்கிக் கீழே போட்ட வீணாய்ப்போனவனும் சிரிக்கிற முகம் போடுவான்.

எங்களிடம் இன்னொரு பிட்ச்சர், நிதர்சன். பந்து எங்கே போகும் என்று அவனுக்கும் தெரியாது, கடவுளுக்கும் தெரியாது. அவனைப் பலவீனமான அணிகளுக்கு எதிராக இறக்குவார்கள். அவன் எட்டு ஓட்டம் விடுவான், நாங்கள் ஒன்பது எடுப்போம். "இன்றைய வெற்றி: நிதர்சன்."

பருவம் முடிய ஒரு ஆட்டம் இருந்தது. அப்போதுதான் மேல் தரத்தில் ஆடும் ஒரு கிளப் எங்களிடம் ஒரு பிட்ச்சரைக் கேட்டது. ஒரே ஒரு பெயர் அனுப்பச் சொன்னார்கள். செல்வினுக்கு வயது முப்பத்திரண்டு. பிட்ச்சருக்கு அது கிழவயது. அவன் மறைக்கவில்லை. கிடங்கில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "மச்சி, எனக்கு இது கிடைக்கணும்டா. இதுக்கப்புறம் தோள் தாங்காது. ஒரு வருஷம் நல்ல டீம்ல ஆடிட்டா போதும், அப்புறம் காலம் முழுக்க பெட்டி தூக்கச் சொன்னாலும் தூக்கறேன்."

நான் குணம் அண்ணையிடம் போய் நேரே கேட்டேன். "கடைசி மேட்ச்சை வெல்லட்டும், பாப்பம்" என்றார்.

அந்த ஆட்டத்தில் செல்வின் எறிந்ததைப்போல நான் அதற்குப் பிறகு கண்டதில்லை. கடைசிச் சுற்று வரை எதிரணிக்கு ஒரு ஓட்டமும் இல்லை. எங்களுக்கு ஒன்று, அதுவும் எதிரணி போட்ட பிச்சை. கடைசிச் சுற்றில் எதிரணியில் ஒருவன் அவுட். எங்கள் ஆட்கள் இரண்டு சுலபமான பந்துகளைத் தவறவிட்டதால், இரண்டாம் பேஸில் ஒருவன், மூன்றாம் பேஸில் ஒருவன்; அங்கிருந்து நான் குந்தியிருக்கும் இடத்துக்கு ஓடி வந்துவிட்டால் ஓட்டம். அடுத்தவன் உயரத் தூக்கி அடித்தான். எல்லைப் பக்கம் சுதன் ஓடினான். சுதன் குணம் அண்ணையின் மச்சான், நல்ல கிரிக்கெட்காரன். பாய்ந்து விழுந்து பிடித்தான். அபாரமான கேட்ச், பொய் சொல்ல மாட்டேன்.

பிடித்தவன் என்ன செய்தான்? எழுந்து, பந்தை வானத்துக்கு எறிந்து, இரண்டு கையையும் விரித்து நின்றான்.

கிரிக்கெட்டில் கேட்ச் பிடித்தால் கதை முடிந்தது. பேஸ்பாலில் கேட்ச் பிடித்த பிறகுதான் மற்றவர்கள் ஓடத் தொடங்குவார்கள். வருடம் முழுக்க அதைச் செல்வின் சொல்லிக்கொடுத்தான். நான் தொண்டை கிழியக் கத்தினேன்: "எறியடா! இஞ்ச எறியடா!" அவன் நான் பாராட்டுகிறேன் என்று நினைத்துக் கையை ஆட்டினான். எங்கள் ஆட்கள் நாலுபேர் அவனைக் கட்டிப்பிடிக்க ஓடினார்கள். பந்து புல்லில் கிடந்தது. எதிரணிக்காரன் ஒருவன் என்னைத் தாண்டிப் போனான். இரண்டாவது ஆள் நடந்தே வந்தான். எதிரணிக்கு இரண்டு ஓட்டம்.

அடுத்தவனைச் செல்வின் மூன்று பந்தில் அனுப்பினான். பிறகு எங்கள் மட்டைக்காரர்கள் வரிசையாகப் போய் வரிசையாகத் திரும்பினார்கள். ஆட்டம் முடிந்தது.

சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் செல்வின் குணம் அண்ணையிடம் கேட்டான். "அண்ணே, இன்னைக்கு நான் செஞ்ச தப்பு எதுன்னு ஒண்ணு சொல்லுங்க."

"தம்பி, நீர் வடிவாத்தான் எறியிறீர். ஆர் இல்லையெண்டது? ஆனா நீர் எறிஞ்சா தோக்கிறம், நிதர்சன் எறிஞ்சா வெல்லுறம். அது ஒரு ராசி. தோக்கிற ஆளை நாங்கள் எப்பிடி அனுப்புறது?"

"அப்ப எதுக்குண்ணே பந்து? ரெண்டு பேர் ஜாதகத்தையும் அனுப்பிடுங்க."

சுதன் ரோலை மென்றுகொண்டே சொன்னான்: "கோவிக்காதையும். என்ர கேட்ச் எப்பிடி?"

செல்வின் அவனைப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்க வேண்டும். "சூப்பர்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினான்.

நிதர்சன் போனான். இரண்டாவது கிழமையே வாங்கிக்கட்டிக்கொண்டு திரும்பி வந்தான். அந்த கிளப் எங்களிடம் மறுபடி ஆள் கேட்கவில்லை. எங்கள் அணியும் அடுத்த வருடம் கலைந்தது. சுதனுக்கு முதுகுவலி, மற்றவர்களுக்குப் பிள்ளைகளின் டியூஷன். இப்போது அந்த மைதானத்தில் உதைபந்துதான். பிட்ச்சர் நிற்கும் மண்மேட்டைச் சமப்படுத்திப் புல் போட்டுவிட்டார்கள். எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

செல்வின் படித்து வேறு வேலை எடுத்துச் சிட்னிக்குப் போனான். போன தை மாதம் கெல்லிவில்லில் அவன் வீட்டுக்குப் போனேன். பெரிய வீடு, எல்லா வீட்டையும் போல ஒரு வீடு. சாப்பிடும்போது அவனுடைய மகளிடம் சொன்னேன், உன் அப்பா எப்பேர்ப்பட்ட பிட்ச்சர் தெரியுமா என்று. கையுறையை அசைக்கத் தேவையில்லாததைச் சொன்னேன், என் உள்ளங்கை எரிந்ததைச் சொன்னேன், அந்தக் கடைசி ஆட்டத்தைச் சுற்றுச் சுற்றாகச் சொன்னேன். பிள்ளை மரியாதையாகக் கேட்டது. பிறகு கேட்டது:

"சோ, ஹவ் மெனி டிட் ஹி வின்?"

நான் வாயைத் திறக்குமுன் செல்வின் சொல்லிவிட்டான். "ஒண்ணே ஒண்ணும்மா. அப்பா சுமார்தான். அங்கிள் சும்மா சொல்றாரு."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். பணிவுக்குச் சொல்கிறானா, பகிடிக்குச் சொல்கிறானா என்று தேடிப் பார்த்தேன். இரண்டும் இல்லை. அவன் அதை நம்பிவிட்டான். "குழம்பு போட்டுக்க மச்சி" என்று சட்டியை என் பக்கம் தள்ளினான்.